மேட்டூர் தண்ணி லேட்டானா தூக்கணாங்குருவியும் லேட்டாகுதா, இல்ல இதுதான் பருவநிலை மாற்றமா?

நீடாமங்கலத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல ஒரு சின்ன கிராமம். ஒரு விஷயம் போன வருஷத்துலேர்ந்து மனசுல கிடந்து உறுத்துது, பறவை பத்தி தெரிஞ்சவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க வயல் முழுக்க வாய்க்கா பாசனம், போர்வெல் கிடையாது. வாய்க்காக் கரையில மூணு பனை நிக்குது, அதுல வருஷா வருஷம் தூக்கணாங்குருவி கூடு கட்டும். எங்க தாத்தா ஒரு பாக்கெட் டைரியில பண்ணை கணக்கு எழுதுவார். நாத்து விட்டது, ஆள் கூலி, உர மூட்டை, இதுக்கு நடுவுல திடீர்னு ஒரு வரி வரும், "பனைக்கு குருவி வந்துருச்சு", "குருவி தொப்பி பின்னிருச்சு"ன்னு. தொப்பின்னு அவர் சொல்றது பாதி கட்டின கூடு, கீழ ரெண்டு ஓட்டையோட தலையில கவுக்குற மாதிரி தொங்குமே அது. பழைய டைரியில இந்த வரி முக்கால்வாசி ஆனி கடைசி, இல்லன்னா ஆடி முதல் வாரத்துல தான் இருக்கு. ஆடிப்பெருக்குக்கு ஆத்துக்கு போயிட்டு வந்து எழுதின பக்கத்துல எல்லாம் கூடு நிறைய தொங்குதுன்னு எழுதிருக்கார்.

தாத்தா 2011ல தவறிட்டார். 2017லேர்ந்து நான் எழுதுறேன். அந்த வருஷம் மேட்டூர் அக்டோபர் 2ல தான் திறந்தாங்க, எங்க பனையில தொப்பி பாத்தது ஐப்பசியில. 2020ல ஜூன் 12ஏ திறந்தாங்க, ஆடி பொறந்த உடனே கூடு. 2022ல மே 24லயே திறந்தாங்க, அப்ப ஆனியிலயே ஆரம்பிச்சிருச்சு. 2024ல ஜூலை 28. அந்த வருஷம் தான் நான் நின்னு கவனிச்சேன். ஆனி மாசமே ஆண் குருவிங்க தலை மஞ்சளாகி முகம் கருத்து ரெடியா வந்துருச்சு, மட்டையில உக்காந்து ரெக்கைய படபடன்னு அடிச்சு கத்துது, ஆனா கீழ வயல் வெடிச்சு கிடக்கு, நாத்தங்கால் கூட இல்ல. ஒரு ஆண் வந்து வாய்க்காக்குள்ள காஞ்ச கோரைய கிழிக்கப் பாக்குது, பச்சையா இருந்தா நார் மாதிரி நீளமா உரிஞ்சு வரும்ல, இது நடுவுலயே ஒடியுது. மூணு தடவ இழுத்துப் பாத்துட்டு போட்டுட்டு போயிருச்சு. அப்பறம் தண்ணி வந்து, நாத்து விட்டு, ஆவணி கடைசியில தான் கூடு ஏறுச்சு.

நவம்பர் கடைசியில மூணு நாள் விடாம அடிச்ச மழையில ஏழு கூடு கீழ விழுந்து கிடந்துச்சு. ரெண்டுல குஞ்சு இருந்துச்சு, சிறகு இன்னும் குழல் குழலா தான் இருந்துச்சு, பிரியவே இல்ல. அப்பாயி எடுத்துட்டு போயி வாழை அடியில புதைச்சாங்க.

என் கேள்வி இதுதான். வெளிநாட்டுல எல்லாம் சூடு கூடுறதால பறவைங்க முன்னாடியே முட்டை போடுதுன்னு படிக்கிறேன். இங்க என்னடான்னா பின்னாடி தள்ளிப் போகுது. இது அணை திறக்குற பிரச்சனையா, இல்ல பருவநிலை மாற்றமா? ரெண்டையும் எப்படி பிரிச்சுப் பாக்குறது?

மன்னை வாத்தியார்:

அம்மா, முதல்ல அந்த டைரிய பத்திரமா வைங்க, ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வைங்க. நான் விலங்கியல் சொல்லிக் குடுக்குறவன், அதனால கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும்.

பறவை முட்டை போடுறதுக்கு ரெண்டு கட்டம் இருக்குன்னு வச்சுக்கோங்க. உடம்பு தயாராகுறது ஒண்ணு, வேலைய ஆரம்பிக்கிறது இன்னொண்ணு. உடம்பு தயாராகுறதுக்கு பெரிய கடிகாரம் பகல் நீளம் தான். பகல் நீள நீள மூளையிலேர்ந்து ஹார்மோன் கிளம்பி, குளிர்காலத்துல சுருங்கிக் கிடந்த விதைப்பையும் சூல்பையும் பெருசாகும். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல 1960கள்லயே இதே தூக்கணாங்குருவிய வச்சு இத சோதிச்சிருக்காங்க. நீங்க ஆனியில பாத்த மஞ்சத் தலை அதுதான். சூரியனுக்கும் மேட்டூருக்கும் சம்பந்தம் இல்ல, அது எந்த வருஷமும் ஒரே தேதியில தான் வரும். ஆனா ரெண்டாவது கட்டம், இன்னைக்கு கூடு கட்டலாம்ங்குற முடிவு, அது மழை, பச்சை, தீனி இதப் பாத்து தான் நடக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒம்போது மணி நேரம் வித்தியாசம். நம்ம தஞ்சாவூர்ல ஒண்ணேகால் மணி நேரம் தான். அதனால நம்ம ஊர் பறவைங்களுக்கு இந்த ரெண்டாவது கட்டம் ரொம்ப முக்கியம்.

நீங்க சொல்ற வெளிநாட்டுக் கதை உண்மை தான். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல வைத்தம் காட்டுல 1947லேர்ந்து பட்டாணிக் குருவிய கூடு கூடா எண்ணிட்டு வர்றாங்க, அது இப்ப 1960கள விட ரெண்டு வாரம் முன்னாடியே முட்டை போடுது. ஏன்னா குஞ்சுக்கு குடுக்குற கம்பளிப் புழு ஓக் மரத்துல சில வாரம் தான் நிறைய கிடைக்கும், வசந்தம் சீக்கிரம் வந்தா புழுவும் சீக்கிரம் வந்துரும், அந்தக் குருவி அதுக்கு ஈடு குடுத்துருச்சு. எல்லாராலயும் அது முடியல. நெதர்லாந்துல ஆப்பிரிக்காவுலேர்ந்து வர்ற ஒரு ஈப்பிடிப்பான் இருக்கு, அது கிளம்புற இடத்துல உக்காந்துகிட்டு ஐரோப்பாவுல வசந்தம் வந்துருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கும்? வந்து சேர்றதுக்குள்ள புழு முடிஞ்சு போகுது. புழு ரொம்ப சீக்கிரம் வந்து போற காடுகள்ல அந்தப் பறவை சுமார் 90 சதவீதம் குறைஞ்சு போச்சுன்னு 2006ல எழுதினாங்க.

ஆக விஷயம் முன்னாடியா பின்னாடியாங்குறது இல்ல, குஞ்சு வாயத் திறக்குற நேரமும் தீனி கிடைக்குற நேரமும் சேருதா இல்லையாங்குறது தான். அங்க அத நடத்துறது வசந்தத்தோட சூடு. நம்ம டெல்டாவுல அத நடத்துறது தண்ணி.

உங்க குறிப்பு தண்ணிக்கும் கூட்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நல்லாவே காட்டுது. ஆனா அத வச்சு மட்டும் பருவநிலை மாற்றம்னு சொல்லிற முடியாது. ஒரு கேள்வி. உங்க ஊருக்குப் பக்கத்துல போர் தண்ணியில குறுவை பண்ற ஊர் ஏதாவது இருக்கா? 2024ல அங்க குருவி எப்ப கூடு கட்டுச்சு? அது தெரிஞ்சா பாதி விடை கிடைச்சிரும்.

கடைமடை விவசாயி:

தங்கச்சி எழுதினத படிச்சதும் எனக்கு ஆக்காட்டி ஞாபகம் வந்துருச்சு. நான் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. எனக்கு புத்தகப் படிப்பு கம்மி, கண்ணால பாத்தத சொல்றேன்.

ஆக்காட்டி கூடு கட்டாது, உளுந்து எடுத்த தரிசுல நாலு கட்டிய ஒதுக்கிட்டு பள்ளத்துல முட்டை போடும், நாலு முட்டை, மண் நிறத்துல கருப்புப் புள்ளி, பக்கத்துல நின்னாலும் தெரியாது. கோடையில அது அடைகாக்குறத பாத்திருக்கீங்களா? மத்த பறவை சூடு குடுக்க உக்காரும், இது நிழல் குடுக்க நிக்கும். ரெக்கைய லேசா விரிச்சுகிட்டு, வாயத் திறந்து மூச்சு வாங்கிகிட்டு, வெயிலுக்கு முதுகக் காட்டி நிக்கும். ரொம்ப தாங்கலன்னா ஓடிப் போயி குட்டையில வயித்த முக்கிட்டு அந்த ஈரத்தோட வந்து முட்டை மேல உக்காரும். எங்க கொல்லையில முன்னாடி குட்டையில தான் முக்கும். ரெண்டு வருஷமா சித்திரையிலயே குட்டை வத்திப் போகுது, ஒரு ஜோடி பக்கத்து வயல் பைப்பு கசியுற எடத்துக்கு போயிட்டு வந்துகிட்டு இருந்துச்சு, எவ்ளோ தூரம், அது போயி வர்ற வரைக்கும் முட்டை வெயில்ல. கடைசியில நாலுல ஒண்ணு தான் பொரிச்சுச்சு, மூணும் கூமுட்டை.

இன்னொண்ணு சொல்றேன். 2022ல மே மாசமே அணை திறந்தப்ப எங்க ஊர்ல எல்லாருக்கும் சந்தோஷம், நானும் கோயில்ல தேங்கா உடைச்சேன். தங்கச்சி ஊர் தூக்கணாங்குருவிக்கும் அது நல்லதா போச்சுன்னு இப்ப தெரியுது. ஆனா ஆக்காட்டிக்கு அப்ப வயல்ல முட்டை இருக்குற காலம். சேடை ஓட்டயில டிராக்டருக்கு முன்னாடி வந்து நின்னு கத்துச்சு, நான் இறங்கி தேடிப் பாத்தேன், முட்டையச் சுத்தி தண்ணி ஏறி நிக்குது. கையால எடுத்து வரப்புல ஒரு மேடு பாத்து வச்சேன், அது திரும்ப அங்க வந்து உக்காரவே இல்ல. அது இன்னைக்கும் எனக்கு கஷ்டமா இருக்கு. ஒரே தண்ணி ஒரு குருவிக்கு வாழ்வு, ஒரு குருவிக்கு வெள்ளம்.

கோடை மழையும் முன்ன மாதிரி இல்ல. தூறலா ரெண்டு நாள் பேஞ்ச காலம் போயி ஒரே ராத்திரி கொட்டிட்டு போகுது. கொட்டின மறுநாள் எல்லாரும் ஈரம் காயுறதுக்குள்ள கோடை உழவுக்கு இறங்குறோம். முட்டைக்கு எங்க நேரம்?

தென்னந்தோப்பு:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்க வேணாம். எல்லாத்துக்கும் பருவநிலை மாற்றம்னு சொல்லிட்டா நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு ஆயிரும். எங்க பக்கம் பட்டுக்கோட்டை. 2018 நவம்பர் 16 கஜாவுல தென்னை எல்லாம் வேரோட சாஞ்சுது, எங்க தோப்புல மட்டும் நூத்துக்கு மேல போச்சு. கூடு கட்ட மரமே இல்லாம குருவி எங்க போகும்? அதுக்கும் முன்னாடிலேர்ந்து செங்கல் சூளைக்கு பனைய வெட்டி வித்துகிட்டு தான் இருந்தோம். இப்ப கரண்டு கம்பியில கூடு தொங்குறத பாக்குறேன்.

மருந்து இன்னொண்ணு. தூக்கணாங்குருவி பெருசானா தானியம் திங்கும், ஆனா குஞ்சுக்கு வெட்டுக்கிளியும் புழுவும் தான் ஊட்டும். நடவு முடிஞ்ச இருபதாம் நாளே குருணை மருந்து, அப்பறம் ரெண்டு தெளிப்பு. அது சீக்கிரம் கட்டினா என்ன, லேட்டா கட்டினா என்ன, குஞ்சுக்கு குடுக்க வயல்ல ஒண்ணும் இருக்கப் போறதில்ல. அதையும் கணக்குல சேருங்க.

நீடாமங்கலத்துப் பொண்ணு:

வாத்தியார் சார், நீங்க கேட்ட கேள்விக்கு எங்கிட்ட விடை இருக்குன்னு எனக்கே தெரியாது!

எங்க சித்தி ஊரு இங்கேர்ந்து நாலு கிலோமீட்டர், அங்க முக்கால்வாசி பேர்கிட்ட போர் இருக்கு, மேட்டூர் திறந்தாலும் திறக்கலன்னாலும் குறுவை நடக்கும். 2024 ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்கன்னு போயிருந்தேன். நேத்து ராத்திரி போன்ல பழைய போட்டோ எல்லாம் தேடுனேன், கோயிலுக்குப் பின்னாடி தம்பி பசங்கள நிக்க வச்சு எடுத்த ஒரு போட்டோவுல பின்னாடி ஈச்ச மரம், அதுல அஞ்சாறு கூடு தொங்குது, அதுல ரெண்டு கூடு வாசல் குழாய் வரைக்கும் முடிஞ்சிருக்கு. போன்ல தேதி ஜூலை 26. அதாவது அணை திறக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி! அதே நாள் எங்க பனை மொட்டையா நிக்குது. சூரியன் ரெண்டு ஊருக்கும் ஒண்ணு தான், வெயில் ஒண்ணு தான், மழை கூட பெருசா வித்தியாசம் இருக்காது. பச்சை இருந்துச்சு, கூடு இருந்துச்சு.

இது தெரிஞ்சதும் எனக்கு இன்னொரு குழப்பம். அப்ப இது வெறும் அணை விஷயம் தானா? பருவநிலைய நான் சும்மா இழுத்துட்டேனா?

தோப்பு அண்ணே, நீங்க சொன்ன மருந்து விஷயம் சரி. எங்க வயல்லயும் அடிக்கிறோம். சித்தி ஊர்ல ஒருத்தர் மாப்பிள்ளை சம்பா மருந்தில்லாம போடுறார், அவர் வயல் மேல தான் குருவிங்க எப்பவும் சுத்திகிட்டே இருக்கும்னு சித்தி சொன்னாங்க.

ஏரிக்கரை:

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். நான் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துக்கு அடிக்கடி போறவன். அங்க நத்தை குத்தி நாரை தான் விசேஷம், கருவேல மரத்துல கூட்டங்கூட்டமா கட்டும். அதோட மூக்கு நடுவுல இடைவெளி விட்டு இருக்குமே, அது நத்தைக்குன்னே அமைஞ்ச மூக்கு. வடநாட்டுல ஜூலையிலேர்ந்து செப்டம்பருக்குள்ள குஞ்சு பொரிக்கிற அதே பறவை, தென்னாட்டுலயும் இலங்கையிலயும் நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் பொரிக்குது. ஒரே பறவை தான், மழை எப்பவோ அப்ப கூடு. வறட்சி வந்தா அந்த வருஷம் கூடே கட்டாம விட்டுரும்.

2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைஞ்சுச்சு, ஞாபகம் இருக்கும். எங்க ஊர் ஏரி அந்த மார்கழியில கிரிக்கெட் ஆடுற மாதிரி கிடந்துச்சு, நாரை மேல ஒரு வட்டம் போட்டுட்டு போயிரும், இறங்காது. லேட்டாகுறத பத்தி பேசுறோம், ஒரு வருஷம் முழுக்கவே விட்டுப் போறதும் இதுல சேரணும்.

உப்பளத்துக் காத்து:

வேதாரண்யத்துலேர்ந்து எழுதுறேன். கோடியக்கரைக்கு வர்ற உள்ளான் எல்லாம் எங்க பசங்களுக்கு தெருவுல விளையாடுற கோழி மாதிரி, அவ்ளோ பழக்கம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க இங்க காலுல வளையம் மாட்டி விடுறத சின்ன வயசுல வேடிக்கை பாத்திருக்கேன். ஒரு தடவ கொசு உள்ளான ஒருத்தர் என் உள்ளங்கையில வச்சார், தீப்பெட்டி கனம் தான் இருக்கும், நெஞ்சு அடிக்கிறது விரல்ல தெரியுது. இது சைபீரியா வரைக்கும் போகும்னு சொன்னார், நான் நம்பல.

அந்த உள்ளானுக்கு முட்டை போடுற எடம் ஆர்க்டிக் பக்கத்து தரை. அங்க பனி உருகினதும் கொசுவும் பூச்சியும் ஒரேடியா கிளம்பும், சில வாரம் தான். குஞ்சு அந்த சில வாரத்துக்குள்ள பொரிச்சு தானே ஓடியாடி பொறுக்கித் தின்னு வளரணும். இப்ப அந்தப் பிரதேசம் உலக சராசரிய விட நாலு மடங்கு வேகமா சூடாகுது. பனி சீக்கிரம் உருகுது. நம்ம ஊர் சேத்துல சித்திரை மாசம் மேஞ்சுகிட்டு இருக்குற குருவிக்கு அங்க பனி உருகினது எப்படித் தெரியும்? வாத்தியார் சொன்ன ஈப்பிடிப்பான் கதை தான் இதுவும். உள்ளான் சாதியிலேயே இன்னொண்ண பத்தி 2016ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. பனி சீக்கிரம் உருகின வருஷத்துல பொறந்த குஞ்சு உருவம் சின்னதா, மூக்கு குட்டையா வளருதாம், அது ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு வந்து சேத்துக்குள்ள ஆழத்துல இருக்குற சிப்பிய எட்ட முடியாம முதல் வருஷத்துலயே நிறைய செத்துப் போகுதாம். அங்க தீனி தவறினதுக்கு தண்டனை வேற ஒரு கண்டத்துல. அத படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் சரியா வரல.

இங்கயே முட்டை போடுற பறவையும் இருக்கு. உப்பளப் பாத்தி ஓரத்துல சின்ன ஆலா பங்குனி சித்திரையில வெறும் மண்ணுல முட்டை வைக்கும். வெயில் காயுற மாசம்ங்குறதால தான் அந்த நேரம். அதுல திடீர்னு ஒரு பெரிய மழை வந்தா எங்க உப்பும் கரையும், அதோட முட்டையும் மிதக்கும். நான் உப்பு எடுக்க போகயில கண்ணால பாத்தது. திரும்ப போட்டுச்சு, ஆனா அப்பறம் வைகாசி வெயில்.

மன்னை வாத்தியார்:

அம்மா, அந்த போட்டோ ரொம்ப பெரிய விஷயம். வேணும்னே திட்டம் போட்டு சோதனை பண்ணாலும் இப்படித் தான் பண்ணுவோம், ஒரே வெயில், ஒரே பகல், தண்ணி மட்டும் வேற. ஒரே ஒரு வருஷம் தான், ரெண்டே எடம் தான், அத மறக்கக் கூடாது. ஆனா தேதியோட இருக்கு.

சும்மா இழுத்துட்டேனான்னு கேட்டீங்க. இல்ல. அணை தானா திறக்காது. 2024 ஜூலை ஆரம்பத்துல மேட்டூர்ல 40 அடிகிட்ட தான் தண்ணி. குடகுப் பக்கம் ஒரேடியா கொட்டி, ஜூலை 30ல 120 அடி நிரம்பிருச்சு. ஒரு மாசத்துக்குள்ள காஞ்ச அணை ததும்புது. மாநிலங்களுக்கு நடுவுல இருக்குற பங்கீட்டுச் சண்டையும் இதுல இருக்கு, அத மறைக்க முடியாது, அதனால தனி ஒரு வருஷத்த காட்டி இது பருவநிலை மாற்றம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த தாங்கும், அதனால பேஞ்சா கொட்டுது, நடுவுல காயுது, இது உலகம் முழுக்க அளந்து பாத்தது. 2022 நவம்பர்ல சீர்காழியில ஒரே நாள்ல 44 செ.மீ. பேஞ்சத மறந்திருக்க மாட்டீங்க.

இப்ப உங்க கூட்டுக் கணக்கு. ஆண் குருவி ஒரு கூட்டுக்கு 500 தடவ வரைக்கும் நார் எடுத்துட்டு வரும், முழுசா முடிய 18 நாள் கிட்ட. பொண்ணு தொப்பியில வந்து உக்காந்து ஆட்டிப் பாத்து, பிடிச்சா தான் மேல கட்டும். முட்டை ரெண்டுலேர்ந்து நாலு, அடைகாக்க 14லேர்ந்து 17 நாள், குஞ்சு பறக்க இன்னொரு 17 நாள். கூட்டிப் பாத்தா அம்பது நாள். ஒரு ஜோடி சேந்ததும் ஆண் அதோட நிக்காது, அடுத்த கூடு, அடுத்த பொண்ணு. பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி 1930ல பம்பாய் பக்கத்து கிஹிம்ல உக்காந்து பாத்து அடுத்த வருஷம் எழுதினது இத தான். ஆக ஆடியில ஆரம்பிச்சா ரெண்டு மூணு சுத்து வரும். ஆவணி கடைசியில ஆரம்பிச்சா முதல் சுத்து ஐப்பசியில முடியும், ரெண்டாவது சுத்துக் குஞ்சு சரியா கார்த்திகை மழையில சிக்கும். உங்க வாழை அடியில இருக்குறது அந்த ரெண்டாவது சுத்து.

இன்னொண்ணும் எனக்கு தோணுது. கூடு பனையோட எந்தப் பக்கம் தொங்குச்சு? நிறைய ஊர்ல கிழக்குப் பக்கம் தான் அதிகமா கட்டும், தென்மேற்குக் காத்துக்கு மரத்தையே மறைவா வச்சு. எல்லா ஊர்லயும் அப்படி இல்ல. ஆனா அப்படி கட்டின கூடு வடகிழக்குக் காத்துக்கு நேரா மூஞ்சியக் காட்டிகிட்டு நிக்கும். ஆடிக் காத்துக்குன்னு பாத்த எடம், கார்த்திகைப் புயலுக்கு தப்பான எடம்.

தோப்புக்காரர் சொன்னதுல எனக்கு சண்டை இல்ல. மரமும் மருந்தும் நம்ம கையில தான் இருக்கு. ஆனா அது போக இந்த நேரக் கணக்கும் சேருறப்ப தான் குருவிக்கு ரெண்டாவது வாய்ப்பே இல்லாம போகுது. முன்னாடி ஒரு சுத்து மருந்துல போனாலும் அடுத்த சுத்து இருந்துச்சு.

சிகாகோவுல நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ சேத்து வச்ச முட்டைகள், அதோட சீட்டுல இருந்த தேதி, இத வச்சு தான் 72 வகையில மூணுல ஒரு பங்கு இப்ப சராசரியா 25 நாள் முன்னாடி முட்டை போடுதுன்னு 2022ல கண்டுபிடிச்சாங்க. முட்டை எடுக்குறது இப்ப தப்பு, ஆனா தேதி எழுதுறது தப்பில்ல. தாத்தா எழுதின மாதிரி.

கடைமடை விவசாயி:

வாத்தியார் ஐயா, என்ன மாதிரி ஆளு எத எழுதணும்னு சொல்லுங்க. பொங்கலுக்கு பறவை கணக்கெடுக்க ஒரு தடவ வந்தாங்க, எண்ணிக்கை மட்டும் தான் கேட்டாங்க.

மன்னை வாத்தியார்:

ஐயா, பாத்த பறவைய பதியுற ஈ-பேர்ட்னு ஒரு போன் ஆப் இருக்கு, அதுல எண்ணிக்கையோட கூடு கட்டுது, கூட்டுல குஞ்சு இருக்கு, பறக்கப் பழகின குஞ்சு, இப்படி குறிக்க தனியா எடம் இருக்கு, பேரன் பேத்திய போட சொல்லுங்க. அது வேணாம்னா நோட்டே போதும். நார் கிழிக்கிறத முதல்ல பாத்த நாள், முதல் தொப்பி, குஞ்சு சத்தம் கேட்ட நாள், கடைசியா கூடு காலியான நாள். கூடவே வாய்க்காவுக்கு தண்ணி வந்த நாள், நடவு, பெரிய மழை. கூட்டுக்கு கிட்ட போக வேணாம், ஆக்காட்டிய எழுப்பவே வேணாம், வெயில்ல அது எழுந்தா முட்டை வெந்துரும், தூரத்து வரப்புலேர்ந்து பாத்தா போதும். ஒண்ணும் நடக்காத நாளும் எழுதுங்க, இன்னைக்கு கூடு இல்லன்னு. நாரை கட்டாம விட்ட வருஷத்த அப்ப தான் காட்ட முடியும்.

நீடாமங்கலத்துப் பொண்ணு:

சார், சாயங்காலம் போயி பாத்துட்டு வந்தேன். மூணு பனையிலயும் கூடு வாய்க்காப் பக்கம் தான் தொங்குது, அது கிழக்கு. இந்த 2025ல ஜூன் 12லயே தண்ணி விட்டதால இப்ப எண்ணினது பதினொண்ணு, அதுல நாலு இன்னும் தொப்பி. ஒரு டவுட்டு, தொப்பியோட விட்டுட்டுப் போன கூட்டையும் எண்ணிக்கையில சேக்கணுமா, இல்ல தனியா எழுதணுமா?

மன்னை வாத்தியார்:

தனியா எழுதுங்க அம்மா. பொண்ணு வேணாம்னு போன கூடா, நார் கிடைக்காம நின்ன கூடான்னு பின்னாடி பிரிக்க அது வேணும். கீழ வயல் அன்னைக்கு பச்சையா இருந்துச்சா காஞ்சு இருந்துச்சான்னு பக்கத்துலயே ஒரு வார்த்தை போட்டுருங்க.